கப்பற் பந்தியில் கடற்சிப்பி

வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், யாத்திரிகர்களின் குறிப்பு என்று மாணவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அவ்வளவும் சரியே. ஆயினும் வரலாறு இவற்றில் மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. ஒரு கப்பலின் உணவுப் பட்டியலும் நல்ல வரலாற்றுச் சான்றாகும். அத்தகைய பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் காணும் ஒரே ஒரு சொல்லின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, அட்லாண்டிக் மாகடலின் நடுவே சென்றுகொண்டிருந்த டைட்டானிக் கப்பலில், முதல் வகுப்புப் பிரயாணிகளுக்கு அளிக்கப்பட்ட விருந்தின் பட்டியல் அது. கப்பல் அன்றிரவே பனிப்பாறையில் மோதி, மறுநாள் பொழுது விடியுமுன் மூழ்கிவிட்டது. ஆனால் அதன் பட்டியல்கள் சில அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளன. விருந்துப் பட்டியலின் தொடக்கத்திலேயே, சிறு பண்டங்களை அடுத்துக் குறிக்கப்பட்டிருப்பது கடற்சிப்பி. அதற்குப் பின்னரே இரு வகைச் சூப்பும், குழம்பும் வெள்ளரியும் சேர்த்த சால்மன் மீனும், ஆட்டிறைச்சியும், வாத்தும், பழமும், ஐஸ்கிரீமும் வருகின்றன. அன்று பகலுணவில் பதப்படுத்திய இறாலும், காடியில் ஊறிய ஹெர்ரிங் மீனும், நார்வே நாட்டு நெத்திலியும் இருந்தன.

சிப்பி என்பது ஐரோப்பியர் பெரும்பாலும் பச்சையாகவே, உயிரோடு ஓட்டைத் திறந்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்ணும் பொருள். கரையை விட்டுப் புறப்பட்டு நான்கு நாளான கப்பலில், நடுக்கடலில், அது எவ்வாறு கிடைத்தது? இதுதான் நம் வினா.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, மாலுமிகளின் உணவைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. உப்பிட்ட மாட்டிறைச்சியையும் புழு அரித்த பிஸ்கோத்தையும் தின்று அவர்கள் பட்ட துன்பத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கப்பலைச் சுற்றிலும் கடல், கடல் நிறைய மீன். தூண்டில் போட்டுப் பிடித்துத் தின்றால் என்ன?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே விடையும் வரவில்லை. மறுநாள் படித்துவந்து விடை கூறினேன். அந்த மாணவனின் கேள்விக்குள்தான் நம் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

விடை இதுவே. மீன் கடலெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆற்று நீர் வந்து கலக்கும் கரையோரங்களிலும், ஆழங்குறைந்த மேடுகளிலும் அது மிகுதி. ஆழ்கடற் பரப்பு, மீனைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வறண்ட நிலம் போன்றதே. ஓடும் கப்பலிலிருந்து தூண்டிலில் அகப்படும் சில மீன்கள், நூற்றுக்கணக்கான மாலுமிகளின் வயிற்றுக்குப் போதா. சிப்பியின் நிலை இன்னும் தெளிவு. அது கழிமுகங்களிலும் ஆழமில்லாத கரைநீரிலும் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. நடுக்கடலில் அதைத் தேடுவது, மணல்மேட்டில் தாமரையைத் தேடுவது போலாகும். ஆகவே, கப்பலில் உண்ணப்படும் சிப்பி கப்பலுக்கு அடியிலுள்ள கடலிலிருந்து வருவதன்று. கரையிலிருந்து ஏற்றப்பட்டு வருவது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கரையிலிருந்து ஏற்றப்படும் உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். அதற்கு மனிதன் அறிந்திருந்த வழிகள் உப்பிடுதலும் உலர்த்துதலுமே. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமி ஒருவனுக்கு விதிக்கப்பட்ட பங்கு, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கோத்து, வாரத்துக்கு 4 பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி, 2 பவுண்டு உப்பிட்ட பன்றியிறைச்சி, சிறிது பட்டாணி, ஓட்ஸ் மா, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்பன. அதற்கு முந்திய காலத்தில் வாரத்தில் சில நாட்கள் உலர்ந்த காட் மீன் கொடுத்து வந்தார்கள்; நாம் கருவாடு என்போமே, அது போன்றது. பின்னர் அதையும் நிறுத்திவிட்டார்கள். கடலிலேயே வாழ்ந்தவன் தட்டில் கடலின் பொருள் ஒன்றும் இல்லாமற் போயிற்று!

இந்த உணவின் விளைவு என்ன? 1740ஆம் ஆண்டில் ஆன்சன் என்னும் தளபதி 6 போர்க்கப்பல்களுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1744இல் ஒரே கப்பலுடன் தாயகம் திரும்பினார். உடன் சென்ற ஏறக்குறைய 1,900 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பகைவரின் குண்டினால் இறந்தவர் மிகச் சிலர். ஈறு வீங்கிப் பல் உதிர்ந்து உடல் தளர்ந்து இறக்கச் செய்யும் ஸ்கர்வி முதலிய நோய்களுக்கே பெரும்பாலோர் இரையாயினர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஆயினும் எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை முழுவதற்கும் வழங்கும் ஏற்பாடு 1795இல்தான் வந்தது. உண்மை கண்டறியப்படுவதற்கும் அது ஏழை மாலுமியின் கைக்கு எட்டுவதற்கும் இடையே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிந்தது.

அக்காலத்து மாலுமி புதிய மீனையோ சிப்பியையோ சுவைத்ததே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கப்பல் கரையோரம் நங்கூரம் பாய்ச்சும் நாட்களில் அவனுக்கு அந்தப் பேறு கிட்டும். 1770ஆம் ஆண்டில் கேப்டன் குக், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பாட்டனி விரிகுடாவில் தங்கியபோது, அவருடைய ஆட்கள் சேற்றிலும் கரையோர மரவேர்களிலும் படிந்திருந்த சிப்பிகளைச் சேகரித்து உண்டனர்; பெரிய திருக்கை மீன்களையும் பிடித்தனர். கரை அகன்றதும் மீண்டும் உப்பிறைச்சியே கதி. கப்பலின் பந்திக்குச் சிப்பி வரவேண்டுமானால், ஒன்று கப்பல் கரையோடு ஒட்டிக்கிடக்க வேண்டும். அல்லது பயண நாட்கள் குறைய வேண்டும். அல்லது குளிர்ச்சியைக் கட்டி எடுத்துச் செல்லும் வித்தை தெரிய வேண்டும். முதலாவது பயணிக்கு உதவாது. மற்ற இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் கைகூடின.

பயண நாட்களைக் குறைத்தது நீராவி. 1840ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரிட்டானியா என்னும் நீராவிக் கப்பல் லிவர்ப்பூலிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 12 நாட்களில் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறையை அடைந்தது. பாய்மரக் கப்பல்களுக்கு அதே பயணம் ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆனதுண்டு. ஆனால் பிரிட்டானியாவின் உணவு ஏற்பாட்டைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். பிரயாணிகளுக்குப் புதுப்பால் வேண்டும் என்பதற்காக ஒரு பசுவையே கப்பலில் ஏற்றிச் சென்றார்கள்! இறைச்சி கெடாமலிருக்க வழியில்லாத காலத்தில், விலங்கை உயிருடன் கொண்டு செல்வதுதான் ஒரே உபாயம். 1842 ஜனவரியில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதே கப்பலில் அமெரிக்கா சென்றார். உருளைக்கிழங்கு, சுட்ட ஆப்பிள், பன்றியிறைச்சி, உப்பிட்ட மாட்டிறைச்சி என்று அவர் தம் பயண நூலில் அந்த உணவை வருணிக்கிறார். கப்பலின் ஆட்டத்தில் அதையும் உண்ண மாட்டாமல் பலர் படுத்துக் கிடந்தார்கள். அந்த டிக்கன்ஸ், பின்னர் நியூயார்க் சென்றபோது, சிப்பி விற்கும் நிலவறைக் கடைகளைக் கண்டு எழுதியிருக்கிறார். சிப்பி கரையில் மலிந்து கிடந்தது, கப்பலில் இல்லை.

நாட்களின் எண்ணிக்கை மேலும் குறைந்துகொண்டே வந்தது. 1909இல் மாரிட்டானியா என்னும் கப்பல் ஐந்து நாளுக்கும் குறைவான காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. இதற்கும் சிப்பிக்கும் என்ன தொடர்பு? சிப்பி தன் ஓட்டை இறுக மூடி, உள்ளிருக்கும் நீரைக் கொண்டே நீருக்கு வெளியில் சில நாட்கள் உயிர் வாழ வல்லது. குளிர்ச்சியாக வைத்திருந்தால் அந்த நாட்கள் ஒரு வாரத்துக்கு மேலும் நீளும். ஆகவே பயணம் ஐந்தாறு நாட்களில் முடியுமானால், சிப்பியைக் கரையிலிருந்து உயிரோடு ஏற்றி உயிரோடு பரிமாற முடியும். அதற்கு எஞ்சிய ஒரே தேவை குளிர்ச்சி.

குளிர்ச்சியின் கதை நம் சென்னைப் பட்டினத்தையும் தொட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடரிக் டியூடர் என்பவர், மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து வெப்ப நாடுகளுக்கு விற்கத் தொடங்கினார். 1833இல் அவருடைய கப்பல் ஒன்று ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் வந்து, கல்கத்தாவை அடைந்தபோது 100 டன்னளவு கரையாமல் எஞ்சியிருந்தது! சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று நாம் வழங்கும் வட்டமான கட்டடம், 1842ஆம் ஆண்டில் அந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டதே. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றிய பெருமையும் அதற்கு உண்டு. இன்று அது விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரால் விளங்குகிறது. கடற்கரைக்குச் செல்லும்போது அக்கட்டடத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். குளிர்ச்சியையே சரக்காக்கிக் கப்பலில் அனுப்பிய ஒரு காலத்தின் சாட்சியாக அது நிற்கிறது.

இயற்கைப் பனிக்கட்டிக்கு அடுத்து வந்தது இயந்திரக் குளிர்ச்சி. 1876ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து பிரிகோரிபீக் என்னும் கப்பல், குளிர்சாதன இயந்திரத்துடன் இறைச்சியை ஏற்றித் தென் அமெரிக்காவுக்குச் சென்றது. 1882இல் டனீடின் என்னும் பாய்மரக் கப்பல், நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களை உறைநிலையில் 98 நாட்கள் காத்து லண்டனில் சேர்த்தது. விரைவில் பயணிக் கப்பல்களிலும் குளிரறைகள் அமைந்தன. டைட்டானிக் கப்பலில் இறைச்சிக்கும் மீனுக்கும் காய்கனிக்கும் பாலுக்கும் தனித்தனிக் குளிரறைகள் இருந்தன. அக்கப்பல் ஏற்றிச் சென்றதாகக் கூறப்படும் புதிய மீன் மட்டும் 11,000 பவுண்டு. பசுவை ஏற்றிச் சென்ற பிரிட்டானியாவுக்கும் இதற்கும் இடையே 72 ஆண்டுகளே கழிந்திருந்தன.

இவற்றோடு இன்னொரு மாறுதலும் நிகழ்ந்தது. அதுவரை கப்பற் பயணம் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதற்கான வழி. பயணமே இன்பம் என்று கருதிச் செல்வோர் மிகக் குறைவு. 1891 ஜனவரி 22ஆம் நாள், ஜெர்மனியின் குக்ஸ்ஹாபன் துறையிலிருந்து அகஸ்டா விக்டோரியா என்னும் கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாகப் புறப்பட்டது. அதை ஏற்பாடு செய்தவர் ஹாம்பர்க் அமெரிக்கக் கப்பல் கம்பெனியின் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் பயணிகள் குறைவு. கப்பலை வீணே கட்டிப்போடுவதைவிட வெயில் காயும் நாடுகளுக்கு அனுப்பினால் என்ன என்று அவர் சிந்தித்ததன் பயன் அது. வேலையின்றி மாதக்கணக்கில் கப்பலில் அமர்ந்திருப்பவர்க்குப் பொழுதுபோக்கு யாது? உண்பதே முதற் பொழுதுபோக்கு! ஆகவே கப்பற் சமையல் ஒரு கலையாக வளர்ந்தது. 1905இல் அதே கம்பெனியின் அமெரிக்கா என்னும் கப்பலில் ரிட்ஸ் கார்ல்டன் பெயரால் தனி உணவு விடுதி அமைக்கப்பட்டது. அதன் சமையல் முறையை வகுத்ததில் எஸ்காபியே என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையற் கலைஞருக்குப் பங்குண்டு. பயணி தான் விரும்பிய உணவை விரும்பிய நேரத்தில் கேட்டு உண்ணலாம் என்ற வழக்கம் அங்கே பிறந்தது.

இதற்குள் கரையில் சிப்பியின் நிலையும் மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் சிப்பி ஏழைகளின் உணவு. தெருவோரம் கூவி விற்கப்பட்டது. 1836-37இல் வெளிவந்த டிக்கன்ஸின் பிக்விக் நாவலில், வறுமை மிக்க தெருவில் சிப்பிக் கடைகளும் மிக்கிருப்பதை ஒரு பணியாள் சுட்டிக்காட்டும் இடம் உண்டு. மக்கட்பெருக்கத்தாலும் அளவின்றி வாரியெடுத்ததாலும் சிப்பிப் படுகைகள் தேய்ந்தன, விலை ஏறியது. ஏழையின் கையிலிருந்து நழுவிய பண்டம் செல்வரின் வெள்ளித் தட்டில் போய் அமர்ந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறாலுக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் அது ஏழைக்கும் வேலையாளுக்கும் உரிய மலிவான உணவாக மதிக்கப்பட்டது. பின்னர் அதுவே விருந்தின் சிகரமாயிற்று.

செல்வரின் தட்டில் ஏறியதால் சிப்பியின் ஆபத்து நீங்கிவிடவில்லை. சிப்பி தன்னைச் சூழ்ந்த நீரை ஓயாமல் உள்ளிழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்பொருள்களை உண்டு வாழ்வது. நீர் தூயதானால் சிப்பியும் தூயது. நீரில் சாக்கடை கலந்தால் நோய்க்கிருமியும் சிப்பிக்குள் சேரும். 1902 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டர், சவுதாம்ப்டன் ஆகிய இரு நகரங்களிலும் நகரத் தலைவர்கள் அளித்த விருந்துகளில் எம்ஸ்வொர்த் என்னும் ஊரின் சிப்பி பரிமாறப்பட்டது. உண்டவர் பலருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு அதனால் இறந்தார். அவ்வூரின் கழிவுநீர் சிப்பிப் படுகையில் கலந்ததே காரணம் என்று தெரிந்தது. எம்ஸ்வொர்த்தின் சிப்பித் தொழில் வீழ்ந்தது. ஒரு குற்றமும் அறியாத செம்படவர்கள் பிழைப்பிழந்தனர். அதன்பின் பத்தாண்டுகள் கழித்து, டைட்டானிக் பயணம் தொடங்கியது அதே சவுதாம்ப்டன் துறையிலிருந்துதான். அமெரிக்காவிலும் 1924-25இல் சிப்பியால் டைபாய்டு பரவிப் பலர் இறந்த பின்னரே, சிப்பிப் படுகைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை நாடளாவி ஏற்பட்டது. வேனிற் காலத்தில் சிப்பி உண்ணலாகாது, ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' என்னும் எழுத்து வரும் மாதங்களிலேயே உண்ண வேண்டும் என்று ஐரோப்பியர் பழங்காலந்தொட்டே ஒரு வழக்கம் வைத்திருந்தனர். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த எழுத்து வரும். அனுபவத்தால் கண்ட அவ்விதிக்கு அறிவியல் பின்னர்தான் துணை நின்றது.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். 1912 ஏப்ரல் 14ஆம் நாள் பட்டியலில் இருந்த அந்தச் சிப்பி எவ்வாறு நடுக்கடலை அடைந்தது என்பது இப்போது விளங்கும். செம்படவன் வாரினான், இரயில் கொணர்ந்தது, நீராவி நாட்களைச் சுருக்கியது, குளிரறை காத்தது, சமையற்காரன் ஓட்டைத் திறந்தான், பணியாள் ஏந்தி வந்தான். வரலாற்று மாணவன் இவ்வளவோடு நின்றுவிடலாகாது. மற்றொரு பட்டியலையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அதே நாளுக்குரிய மூன்றாம் வகுப்புப் பட்டியலும் நமக்குக் கிடைத்துள்ளது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, புகையிட்ட ஹெர்ரிங் மீன், உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. பகலில் அரிசிச் சூப்பு, வறுத்த மாட்டிறைச்சி. இரவில் கூழும் பிஸ்கோத்தும் பாலாடைக்கட்டியும். மேல்தளத்தில் உயிருள்ள சிப்பி. கீழ்த்தளத்தில் புகையிட்ட மீன். ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே நாள்!

இதைக் கண்டு உடனே கொதித்தெழுவதும் முழு நியாயமாகாது. முற்காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஏழைகள் தங்கள் உணவைத் தாங்களே மூட்டை கட்டிச் சென்று, கப்பல் தாமதித்தால் பட்டினி கிடந்தனர். 1803 முதல் பிரிட்டிஷ் சட்டங்கள் பல இயற்றப்பட்டு, அவர்களுக்கு இன்ன அளவு உணவு கொடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புப் பட்டியலின் அடியில், உணவைப் பற்றிய குறையிருந்தால் உடனே அதிகாரியிடம் தெரிவிக்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஏழைப் பயணியும் குறை கூறும் உரிமையுள்ளவன் என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரியை அடைய நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் உணவில் இருந்த ஏற்றத்தாழ்வு உயிரிலும் தொடர்ந்தது. முதல் வகுப்பினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் தப்பினர். மூன்றாம் வகுப்பினரில் 25 பேர். பணியாளரில் 24 பேர். அக்கப்பலின் தனி உணவு விடுதியில் பணிபுரிந்த அறுபதுக்கும் மேற்பட்டோருள் தப்பியவர் மூவரே. சமைத்தவரும் தட்டேந்திப் பரிமாறியவருமான மற்ற அனைவரும் மாண்டனர்.

இந்தப் பணியாளர் வரிசையில் நம் நாட்டவரும் உண்டு. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓடிய பி. அண்டு ஓ. கம்பெனியின் கப்பல்களில், உணவுக் கூடத்திலும் அடுக்களையிலும் கோவா நாட்டினர் பெருந்தொகையாகப் பணிபுரிந்தனர். மேல்தளத்திலும் இயந்திர அறையிலும் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள் உழைத்தனர். அரிசி, பருப்பு, நெய், கருவாடு என்பன அவர்களுடைய உணவுப் பங்கு. சம்பளம் ஐரோப்பிய மாலுமியினுடையதைவிட மிகக் குறைவு. மேலே துரைமார்களும் சீமாட்டிகளும் மீன் வகைகளைச் சுவைத்து உரையாடிய மாலைப் பொழுதுகளில், அடியிலே கொதிகலனுக்கு முன் நின்று கரி அள்ளியவர்களின் பெயர்கள் எந்த விருந்துப் பட்டியலிலும் இல்லை.

பின்னர் காலம் வேகமாக மாறியது. 1958இல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கியதும், ஊர் சேர்வதற்காகக் கப்பலேறுவோர் குறைந்தனர். உல்லாசத்துக்காகக் கப்பலேறுவோர் பெருகினர். 1966இல் மயாமியிலிருந்து கரீபியன் கடலுக்குப் புறப்பட்ட கப்பல்கள் இத்தொழிலுக்குப் புதுவழி வகுத்தன. 2024இல் முதற் பயணம் புறப்பட்ட ஐகான் ஆப் தி சீஸ் என்னும் கப்பலில் 7,600 பயணிகள் வரை செல்லலாம். இவ்வளவு பேருக்கும் நண்டும் இறாலும் சிங்கி இறாலும் பரிமாறுவதென்றால், அது ஒரு சிற்றூர்த் திருவிழாவை நாள்தோறும் நடத்துவதற்கு ஒப்பாகும். அந்த உணவும் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு உறைகுளிரில் காக்கப்படுவதுதான். இவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடி உண்ணும்போது நோய் பரவும் அச்சமும் பெரிது. அதனால் 1970களில் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர், தம் துறைமுகங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் அடுக்களைகளை முன்னறிவிப்பின்றிச் சோதித்து மதிப்பெண் இடும் முறையைக் கொண்டுவந்தனர். நூற்றுக்கு 85ம் அதற்குக் குறைவும் பெற்றால் தேர்ச்சியில்லை என்பது அதன் விதி. பள்ளித் தேர்வைவிடக் கடுமையான விதியல்லவா!

மாணவர்களே, உங்களுள் சிலர் ஒருநாள் பெருங்கப்பலில் பயணம் செய்யக் கூடும். கடலைப் பார்த்தபடி மீனும் இறாலும் உண்ணக் கூடும். அவ்வாறு உண்பதில் குற்றமொன்றும் இல்லை. மனிதன் தன் அறிவால் அடைந்த நல்ல இன்பங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் தட்டு முன்னே வந்து அமரும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது எங்கிருந்து வந்தது? இதை என்னிடம் சேர்த்தவர் யார் யார்? இதே கப்பலில் இது கிடைக்காதவர் எவர்? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவனுக்கு வரலாறு பாடப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை.

அன்று வகுப்பில் சிரிப்புக்கு ஆளான அந்த மாணவன் மூன்றில் முதலாவதைத்தான் கேட்டான். அவனுக்கு விடை தேடப் போய்த்தான் மற்ற இரண்டையும் நான் கற்றுக்கொண்டேன்.